தூக்க நாலு பேர்

அன்புக் கண்ணுக்கு,

அப்பாவைக் குழிக்குத் தூக்கிப் போனவர்கள்: உன் தம்பி, நான், ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர். வேறு யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள்.

நீ வேறு சாதியில் கட்டிக்கொண்டாய் என்று ஊர் நம்மை விலக்கி வைத்து இன்றோடு ஒரு வருஷம். காலண்டரில் ஒவ்வொரு நாளாகக் குறித்திருக்கிறேன். பொதுக் குழாயில் குடம் வைக்கவும் விடுவதில்லை.

“அந்தப் பொண்ணுக்குக் கருமாதி பண்ணிடுங்க, நாளைக்கே சேர்த்துக்கிறோம்” என்றார் ஊர்ப் பெரியவர்.

“எம்பொண்ணு உயிரோட கீறாளுங்க” என்றே அப்பா கடைசிவரை சொன்னார்.

நாளைக்கு நான் போனால் தம்பி ஒருவனாக எப்படித் தூக்குவான்? விளக்கேற்றி முருகனைக் கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் உன்னையே கேட்கிறேன். உன் படத்துக்கு மாலை போட்டுவிடட்டுமா?

சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா