கண்ணாடிக்கூட்டில் ஒரு கணையம்

உம்முடைய கண்ணாடிக்கூடு என் வேலைமேசையில் இருக்கிறது. ஓரத்தில் தோல் உரிந்த, மூடும்போது டப்பென்று அடித்து வகுப்பையே நிமிரவைக்கும் அதே கூடு. உள்ளே கண்ணாடி இல்லை. அதை உம்மோடு பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டார்கள். போன இடத்தில் எதை வாசிக்கிறீரோ தெரியாது. கண்ணாடி இருந்த இடத்தில், பஞ்சில் சுற்றியபடி, பெருவிரல் நீளத்தில் ஒரு வெள்ளிக் கணையம் இருக்கிறது. செய்தவள் நான்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுநாள், உம்முடைய மனைவி ஜெசிந்தா அதைக் கொண்டு குருநகரிலிருந்து அளவெட்டிக்கு பஸ்ஸில் வந்தார்.

"இவரின்ரை காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ளை இந்தக் கூடு கிடந்தது ரீச்சர். உள்ளுக்கை இருக்கிறது நீங்கள் செய்த சாமான் மாதிரிக் கிடக்கு. இதென்ன?"

வாங்கிப் பார்த்தேன். அதை நான் கடைசியாகப் பார்த்தது போன ஆவணியில். உமக்குக் கணையத்தில் புற்று என்று வீட்டுக்கும் ஊருக்கும் தெரிந்தது மாசியில். சித்திரையில் போய்விட்டீர். ஆவணிக்கும் மாசிக்கும் இடையில் எத்தனை மாதம் என்று கணக்குப் பார்க்க, சித்திரம் படிப்பித்த எனக்கும் விரல் தேவைப்படவில்லை.

அந்த ஆவணியில், நல்லூரில் தேரோடிய கிழமை அது. பென்சன் அலுவலாகக் கொழும்புக்குப் போனேன் என்று சொல்லி, வந்த கையோடு என் வீட்டுக்கு வந்தீர். ஒரே பள்ளிக்கூடத்தில் நீர் உயிரியலும் நான் சித்திரமும் படிப்பித்து, ஒரே வருடத்தில் இளைப்பாறினோம். அதன்பிறகு நீர் தொட்டியில் மீன் வளர்த்தீர். நான் வெள்ளிக்களியைப் பிடித்துக்கொண்டேன். தூளாக்கிய வெள்ளியைப் பசையோடும் தண்ணீரோடும் குழைத்த களி அது. ரொட்டி மாவைப்போல உருட்டலாம், வெட்டலாம், மேலே இலையை அழுத்தி நரம்பைப் பதிக்கலாம். காயவைத்துச் சூளையில் சுட்டால் பசை எரிந்துபோக, வெள்ளி மட்டும் மிஞ்சும். பவுனைத் தவிர மற்றதெல்லாம் பாத்திரம் என்று நம்பும் எங்கள் ஊரில், என் நகைவேலையை விளங்கிக்கொண்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் நீர். மற்றவரை இன்னும் தேடுகிறேன்.

"ஒரு ஓடர் இருக்கு" என்றீர்.

"ஆருக்கு?"

"தெரிஞ்ச ஒராளுக்கு. அந்தோனியாருக்கு நேர்த்தி."

நோய் வந்த உறுப்பை வெள்ளியில் செய்து கோயிலில் வைப்பது எங்கள் பக்கத்திலும் உண்டு. இந்த விஷயத்தில் உங்கள் புனிதர்களுக்கும் எங்கள் தெய்வங்களுக்கும் ஒரே கடைதான்.

"கடையிலை கண் கிடக்கு, கை கிடக்கு, கால் கிடக்கு. முழு மனிசன்கூடக் கிடக்கு. கணையம் இல்லை. அதுதான் உம்மட்டை வந்தனான்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் கேட்கிறது. நல்ல சிரிப்பு அல்ல.

"அந்தோனியாருக்குக் கணையமெண்டா விளங்குமோ? பக்கத்திலை பேரெழுதி ஒட்டும்."

"துலைஞ்ச சாமானெல்லாம் தேடிக் குடுக்கிற மனிசன். இதைக் கண்டுபிடிக்க மாட்டாரோ?"

நான் முதலில் உருட்டியதைப் பார்த்து, "உதென்ன, முருங்கைக்காயோ?" என்று கேட்டீர். முப்பது வருடமாகக் கரும்பலகையில் கணையம் கீறிய கைக்கு அது பொறுக்கவில்லை. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு களியை என்னிடமிருந்து வாங்கினீர். "தலை பெருக்கவேணும், வால் மெலியவேணும்" என்று சொல்லிச் சொல்லிப் பிடித்தீர். நகத்தால் மேடுபள்ளம் வைத்தீர். எல்லாம் முடிந்தபின் ஒரு துளி களியை மிளகளவுக்கு உருட்டித் தலைப்பக்கத்தில் ஒட்டினீர்.

"அது பிழை. அந்த இடத்திலை அப்பிடி ஒண்டும் இல்லை. எடும்" என்றேன்.

"நீர் சித்திர ரீச்சர் காணும். இது இருக்கட்டும்."

சுட்டால் சுருங்கும், அதனால்தான் பெரிதாகச் செய்கிறோம் என்று, மோதிரம் கேட்டு வருபவர்களுக்குச் சொல்லும் பாடத்தை உமக்கும் சொன்னேன்.

"எவ்வளவு சுருங்கும்?"

"பத்திலை ஒண்டு. சிலவேளை கொஞ்சம் கூட."

மிளகைத் தொட்டுக்காட்டினீர். "இதுவுமோ?"

"எல்லாம் ஒரே மாதிரித்தான்."

"சுருங்கினால் நல்லதுதானே" என்றீர்.

நான் சூளை சூடேறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்களைக் கூர்ந்து பார்த்து நக்கலடிப்பவள் என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. அன்றைக்கு நான் கூர்ந்து பார்த்தது சூளையை.

ஜெசிந்தா இன்னும் பதிலுக்குக் காத்திருந்தார்.

"மீன்" என்றேன்.

"என்ன மீன்?"

கடற்றொழில் ஊரான குருநகரில் பிறந்த ஒருத்தியிடம் வெறுமனே மீன் என்று சொல்லித் தப்பமுடியாது என்பது, மீன் புழங்காத வீட்டில் வளர்ந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. சந்தையைக் கடக்கும்போது காதில் விழுந்த ஒரேயொரு பெயரைச் சொன்னேன்.

"சூடை."

"சூடையோ? செட்டை எங்கை, செதிள் எங்கை? கண்ணும் இல்லை. ரீச்சர், நீங்கள் மரக்கறி எண்டு தெரியும். இவ்வளவு மரக்கறி எண்டு தெரியாது."

சிரித்தார். ஒரு மாதத்தில் அவருடைய முதற் சிரிப்பாக இருக்கவேண்டும். அது நின்ற இடத்திலேயே அழுகை தொடங்கியது.

"மாரி தொடங்கேக்கையே சோத்தைப் பாதியிலை வைப்பார் ரீச்சர். உப்புக் கூடிப்போச்சோ எண்டு நினைச்சு நான் உப்பைக் குறைச்சன். பிறகு புளியைக் குறைச்சன். முந்தியே தெரிஞ்சிருந்தால் ஏதும் செய்திருக்கலாமெண்டு டொக்டர் சொன்னவர். பக்கத்திலை கிடந்தனான் நான். எனக்குத் தெரியாமல் வேறை ஆருக்குத் தெரியும்?"

பதில் என் உள்ளங்கையில் இருந்தது. மீன் என்றே சாதித்தால், அவர் சாகும்வரை உப்பையும் புளியையும் சுமப்பார். உண்மையைச் சொன்னால், ஆறு மாதமாகப் பக்கத்தில் படுத்துக்கொண்டே நீர் மறைத்ததைச் சுமப்பார். உம்மிடம் கேட்டிருந்தால் ஒரு பகிடியைச் சொல்லி நழுவியிருப்பீர், அதைத்தானே செய்தீர். அதனால் கேட்காமலே உம்மைக் காட்டிக்கொடுத்தேன். இது கணையம் என்று சொன்னேன். ஆவணியைச் சொன்னேன். அந்த மிளகு என்னவென்று எனக்கும் இப்போதுதான் தெரியும் என்று சொன்னேன்.

ஜெசிந்தா அதை வாங்கி, மிளகின் மேல் விரலை வைத்தார்.

"கள்ளன்" என்றார். "பென்சன் அலுவலெண்டு ரெண்டுதரம் கொழும்புக்குப் போனவர். நான் சோறு கட்டிக் குடுத்து விட்டனான்."

சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"அப்ப உப்பில்லை."

"இல்லை ஜெசிந்தா. உப்பில்லை."

அந்தோனியாருக்கென்று செய்வித்ததை ஏன் கொண்டுபோய் வைக்கவில்லை என்று கேட்டேன். விளங்காத பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"கோயிலிலை நேர்த்திச் சாமான் வைக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள்ளை புதுசா ஒண்டு வந்தால், பூசை முடிய முன்னம் ஆரின்ரை எண்டு கடற்கரை முழுக்கக் கதைக்கும். சாகிறதைவிட அவருக்கு அதுதான் பயம்."

குணமாகவேண்டும் என்று நேர்ந்தீர். நேர்ந்த விஷயம் புனிதருக்கே தெரியாமல் பார்த்துக்கொண்டீர். எட்டு மாதம் அதைக் காற்சட்டைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு திரிந்தீர். மார்கழியில் என் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தபோதும் அது உம்மிடம் இருந்திருக்கும். நான் உம்முடைய மெலிவைப் பார்த்து, "என்ன, மாப்பிள்ளைக் கோலமோ?" என்று கேட்டேன். நீர் சிரித்தீர். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனீர். நான் சீனி கூடிவிட்டதோ என்று நினைத்தேன்.

போகும்போது ஜெசிந்தா அதை என்னிடமே திருப்பித் தந்தார்.

"ஒரு வளையம் வைச்சுத் தாங்கோ. நான் கழுத்திலை போடப்போறன்."

"கழுத்திலையோ?"

"ஓம். ஆரும் கேட்டால் சூடையெண்டு சொல்லுவன்." படலைவரை போனவர் திரும்பி வந்தார். "அந்த மிளகை மட்டும் எடுத்துவிடுங்கோ ரீச்சர்."

வளையத்தைப் புதுக்களியில் பிடித்து ஒட்டி, நேற்று மறுபடி சுட்டேன். வளையம் சுருங்கியது. கணையம் சுருங்கவில்லை; ஒருமுறை சுட்டெடுத்தது பிறகு சொல்லும்படியாகச் சுருங்குவதில்லை. இதையும் உமக்கு அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

இன்று காலை அரத்தை எடுத்தேன். மிளகை அராவி எடுக்க ஏழு நிமிடம் பிடித்தது. அரத்தாளால் தேய்த்து மினுக்கினேன். அது இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. ஏழு நிமிடம்.

வெள்ளித்தூளை நாங்கள் எறிவதில்லை. மேசைக்குக் கீழே ஒரு போத்தல் வைத்திருக்கிறேன். அராவியதெல்லாம் அதற்குள் போகும், நிறைந்தால் உருக்கக் கொடுப்பேன், பிறகு யாருடைய காதிலோ தோடாகத் தொங்கும். இதை அந்தப் போத்தலுக்குள் போடக் கை வரவில்லை. கழுவி ஊற்றவும் முடியவில்லை. கடதாசியில் மடித்து வைத்திருக்கிறேன்.

நாளைக்கு ஜெசிந்தா வந்து சூடையைப் போட்டுக்கொண்டு போவார். கண்ணாடிக்கூட்டை எனக்கு விட்டுவிடச் சொல்லிக் கேட்கப்போகிறேன். மிளகளவு தூளுக்கு அது பெரிய கூடுதான். மூடும்போது டப்பென்று அடிக்கும். நிமிர்வதற்கு வகுப்பில் நான் மட்டும் இருப்பேன்.