கலைமானும் என் எடையும்

மார்ச் 3, செவ்வாய்

கால்சட்டைப் பொத்தான் இன்று ஆபீசிலேயே தெறித்துவிட்டது. போய் விழுந்த இடம் வன அதிகாரியின் மேஜை. எடுத்துக் கொடுத்து, "டாக்டரம்மா, மானுக்கு ஊசி போடுறதுக்கு முன்னாடி பட்டனுக்குத் தையல் போடுங்க" என்றார். அந்த மனுஷருக்கு போட்டோவுக்குச் சிரிக்கத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். நக்கலும் வருகிறது.

விஷயம் மான். கழுத்தில் வேலிக்கம்பி இறுகிய ஒரு கலைமான் காட்டோரத்தில் சுற்றுகிறது. குனிந்து மேய முடியவில்லை. எலும்பும் தோலுமாய் ஆகிவிட்டது. மயக்கித்தான் கம்பியை வெட்ட வேண்டும். மயக்கத்தில் மூச்சு மந்தமாகி ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். இதுவோ ஏற்கெனவே நெரிபட்ட கழுத்து. கண் திறக்காமலே போய்விட்டால்?

மார்ச் 5, வியாழன்

ஆக்சிஜன் அளக்கும் கிளிப் வேலை செய்கிறதா என்று பார்க்க, சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் விரலில் மாட்டினேன். தொண்ணூற்றேழு. மானுக்கு நாக்கில் மாட்டுவோம். இவருக்கும் அங்கேதான் மாட்டியிருக்க வேண்டும். விழித்ததும், "நீ உட்கார்ற நாற்காலிக்கு மாட்டிப் பாரு, அதுதான் மூச்சுத் திணறுது" என்கிறார்!

மார்ச் 6, வெள்ளி

நாளைக்கு. பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாம் தடவை போட்டுக்கொண்டது மட்டும்.

மார்ச் 7, சனி

உயிரோடு இருக்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மயக்க ஊசி சரியாகப் பட்டது. மான் சாய்ந்ததும் கண்ணைத் துணியால் கட்டி, நெஞ்சு தரையில் படும்படி படுக்கவைத்து, தலையை உயர்த்திப் பிடித்தோம். நாக்கில் கிளிப், மூக்கில் ஆக்சிஜன் குழாய். டிரைவர் சிலிண்டரைத் திறந்தார். எண் தொண்ணூறைத் தாண்டியது. நான் மண்டியிட்டுக் கம்பியில் கை வைத்தேன். சதைக்குள் புதைந்திருந்தது.

எண்பத்தாறு. எண்பது. எழுபத்திரண்டு —

ஐயோ, போகுதே! நாக்கில் கிளிப்பை மாற்றி மாட்டினேன். கழுத்தை நேராக்கினேன். "சிலிண்டர் காலியாய்யா?" என்று டிரைவர்மேல் பாய்ந்தேன். "ஃபுல்லா இருக்கு மேடம்!" அந்த நேரம் பார்த்து அதிகாரி செல்போனோடு மான் பக்கத்தில் குனிகிறார். துள்ளி எழுந்துவிட்டேன். "தள்ளிப் போங்க சார்! அதோட மூச்சையும் சேத்து நீங்களே இழுக்குறீங்க!"

பத்தடி ஓடினார். எண் மளமளவென்று ஏறியது. பார்த்தாயா, நான் சொன்னது சரிதான் என்ற மிதப்பில் மறுபடி மண்டியிட்டேன்.

இறங்கியது.

தூரத்தில் நின்றபடியே, எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அதிகாரி மெதுவாகச் சொன்னார்: "டாக்டரம்மா... குழாய் உங்க முட்டிக்குக் கீழ இருக்கு."

மண்ணே, என்னை விழுங்கிக்கொள். டிரைவர் சிரிப்பை அடக்க மேகத்தை ஆராய்ந்தார்.

மீதிக் கம்பியைக் குந்தி உட்கார்ந்தே வெட்டினேன். தொண்ணூற்று நான்கு, அதற்குக் கீழே போகவேயில்லை. தெளியும் ஊசி போட்டதும் எழுந்தது, தள்ளாடியது, எங்களை ஒரு முறை முறைத்துவிட்டு மரங்களுக்குள் போய்விட்டது. வண்டியில் ஏறி உட்கார்ந்து அழுதேன். அதையும் படம் எடுத்தார், பாவி மனுஷர்.

ஏப்ரல் 26, ஞாயிறு

அதிகாரி படம் அனுப்பியிருந்தார். ஓடைக்கரையில் நம் ஆள், தலை தரையைத் தொட மேய்கிறது. கழுத்தைச் சுற்றி ஆறிய தழும்பு.

வீட்டுக்காரரிடம் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா உடம்பு போட்டுடுச்சே!"

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து எனக்கு இனித்தது இதுதான் முதல் தடவை.