பூசணம் பிடிக்காத ஜாடி

பொட்டுப் பூசணத்தைக் கண்டாலும் ஊரைக் கூட்டிவிடும் என் தேன்மொழிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று எழுத வந்து நிறுத்திக்கொண்டேன். பழக்கம் இன்னும் விடவில்லை.

நான் இருக்கிறேன். அடையாறு லேபுக்குத் தினமும் போகிறேன். ஊறுகாய், மோர், ஜூஸ் என்று வருகிற சாம்பிள்களில் பூசணம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதானே நம் இருவருக்கும் பிழைப்பு? உன் நாற்காலியில் புதிதாக ஒரு பெண் உட்கார்கிறாள். நன்றாக வேலை செய்கிறாள், அதுவும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. பார்க்கிறேன், எழுதிக் கொடுக்கிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். உனக்காக இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எனக்கு என்ன ஆயிற்று என்று உன்னைத்தான் கேட்க வேண்டும்.

உன் மேற்கு மாம்பலம் வீட்டைக் காலி செய்த கதை உனக்குத் தெரிய வேண்டாமா? காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, சாயங்காலம் திரும்பிவிடுவோம் என்றுதானே கத்தரிக்காய்ப் புளிக்குழம்பை ஃபிரிட்ஜில் மூடி வைத்துவிட்டுப் போனாய்? நீ திரும்பவில்லை. உன்னை உன் ஊருக்கு, கோவில்பட்டிக்குக் கொண்டுபோனோம். காரியமெல்லாம் முடிந்த பிறகு, உன் சாமான்களை எடுக்க உன் அம்மாவும் நானும் வந்தோம். வாடை மாடிப்படியிலேயே வந்துவிட்டது.

"பூட்டின வீட்ல எதுக்கும்மா கரண்ட் ஓடிக்கினு இருக்கணும்னு நான்தான் மெயினை ஆஃப் பண்ணேன்," என்றார் கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர். "உள்ள சாப்பாடு கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்?" பாவம், கரண்ட் பில் உன் அம்மா தலையில் விழக் கூடாதே என்று செய்திருக்கிறார்.

ஃபிரிட்ஜைத் திறந்தேன். தோசை மாவு ரோஸ் நிறத்தில் இருந்தது. தயிர் மேல் கறுப்பு முடி. அரை எலுமிச்சம்பழம் இருந்த இடத்தில் ஒரு பச்சைப் பொடிக் குவியல். லேபில் தனித்தனித் தட்டில் வளர்த்துப் பார்ப்பவை எல்லாம் உன் ஃபிரிட்ஜில் கூட்டுக் குடித்தனம் நடத்தின. மூக்கைப் பொத்த வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிரெட்டில் ஒரு புள்ளி இருந்தால் பாக்கெட்டோடு எறிகிறவள் நீ. நான் அந்த இடத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு டோஸ்ட் போட்டால் பிடுங்கிக்கொள்வாய். "மேல தெரியறது பூ மட்டும்தான்க்கா. வேர் எதுவரைக்கும் போயிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" தெரியும். உனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். இருந்தாலும் பிரெட் விற்கிற விலைக்கு எறிய மனசு வராது.

நான் துடைப்பம் எடுத்து வருவதற்குள் உன் அம்மா குழம்புச் சட்டியை அடுப்பில் ஏற்றியிருந்தார்கள். மேலே படர்ந்திருந்ததைக் கரண்டியால் வழித்து ஒரு தட்டில் வைத்திருந்தார்கள். பக்கத்து மெஸ்ஸில் வாங்கிய சோற்றுப் பொட்டலம் பிரித்தபடி இருந்தது.

நான் அடுப்பை அணைத்தேன். "வேண்டாம்மா."

"மேல வழிச்சுப் போட்டுட்டேன் தாயி. கொதிக்க வச்சாச் சரியாப் போவும்."

"கொதிக்க வெச்சாலும் பூசணத்தோட விஷம் போகாதும்மா."

"எம் மக செஞ்சது என்னைய என்ன செஞ்சிரும்?"

"அவளா இருந்தா சட்டியோட தூக்கிப் போட்டிருப்பாம்மா," என்று சொன்னேன். அவர்கள் கரண்டியைக் கீழே வைக்க வெகுநேரம் ஆயிற்று.

"அப்பம் அவ கையால செஞ்சது இந்த வீட்டுல ஒண்ணுமே இல்லையா?"

அப்போதுதான் அடுப்படி மூலையில் துணி கட்டி வைத்திருந்த கண்ணாடி ஜாடியைப் பார்த்தேன். உன் கொம்புச்சா. டீயில் சர்க்கரை போட்டுப் புளிக்க வைத்து, உடம்புக்கு நல்லது என்று லேபில் எல்லார் தலையிலும் கட்டுவாயே, அதேதான். "டீயை ஊசவச்சுக் குடிக்கா, கிறுக்கு" என்று உன் அம்மா போனில் திட்டுவார்களே.

துணியை அவிழ்த்ததும் எட்டிப் பார்த்தார்கள். "இதுலயும்தான பூத்துக் கெடக்கு."

"இது பூசணம் இல்லம்மா. பாருங்க, முடி இல்ல, பொடி இல்ல. வழவழன்னு ஈரமா இருக்கு, பால் ஆடை மாதிரி. இதுதான் டீயைப் புளிக்க வைக்குது."

சொல்லிவிட்டேனே தவிர எனக்கே நம்பிக்கை இல்லை. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். உன் டிராயரில் கிடந்த, புளிப்பை அளக்கிற பி.எச். தாளை அதில் நனைத்துப் பார்த்தேன். பூசணம் கிட்டே வர முடியாத புளிப்பு. ஃபிரிட்ஜுக்குள் இருந்ததெல்லாம் கெட்டுப்போய்விட்டது, வெளியே கிடந்த இது மட்டும் தன்னைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு டம்ளரில் கொஞ்சம் ஊற்றித் தண்ணீர் கலந்தேன். உன் அம்மா ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்கள். "கருமம். இதையா குடிச்சிட்டு இருந்தா?" சொல்லிக்கொண்டே முழுவதையும் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று டம்ளரை நீட்டினார்கள். எனக்குப் பல் கூசியது. நீ போன பிறகு எனக்கு ஏதோ ஒன்று உறைத்தது அப்போதுதான். அது பல்லோடு நின்றுவிட்டது, கண்வரைக்கும் வரவில்லை.

குழம்பைச் சட்டியோடு கட்டிக் குப்பையில் போட்டேன். ஜாடியில் இருந்ததை இரண்டாகப் பிரித்தோம். பாதியை உன் அம்மா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனார்கள். வாரம் ஒரு தடவை கொஞ்சமாக டீயும் சர்க்கரையும் போடுங்கள், கூடினால் புளிப்புக் குறைந்து பூசணம் வந்துவிடும், ஈரக் கரண்டி படக் கூடாது என்று பிளாட்பாரத்தில் நின்று படித்துப் படித்துச் சொன்னேன்.

நேற்று போன் செய்தார்கள்.

"சுதா, பச்சையாப் பூத்துட்டு தாயி. முடி முடியா இருக்கு. நீ சொன்னியே, அதேதான்."

வழித்துவிட்டுக் குடித்தீர்களா என்று கேட்க வாயெடுத்தேன்.

"நான் வழிக்கல தாயி," என்றார்கள். "பாட்டிலோட தூக்கிப் போட்டுட்டேன். அவ அப்பிடித்தான செய்வா?"

பிறகு கேட்டார்கள், "உங்கிட்ட இருக்கது இருக்கா?"

இருக்கிறது தேன்மொழி. எங்கள் வீட்டு ஜன்னலோரம், துணி கட்டி, வழவழவென்று இருக்கிறது. அடுத்த மாதம் லீவு போட்டுக் கோவில்பட்டிக்கு நானே எடுத்துக்கொண்டு போகிறேன். அங்கேயும் பூத்தால் மறுபடி கொண்டுபோவேன். உன் கை பட்டது உன் அம்மா வீட்டில் இல்லாமல் போக விடமாட்டேன். இன்று பிரெட்டில் ஒரு புள்ளி இருந்தது. பாக்கெட்டோடு எறிந்துவிட்டேன்.

இப்போதும் நீ சொன்னபடி கேட்கும்,
உன் சுதா அக்கா