எவுலாலியாவின் தட்டு

மெக்சிகோ நகரம்

அம்மாவுக்கு வணக்கம். முட்டுவலி தேவலையா? நான் நலம்.

நேற்று நம் டிவி தொடரில் வேலைக்காரியை முதலாளி மகன் கைப்பிடித்தான். எஜமானி சோபாவில் அழுதார். சமையற்காரி எவுலாலியாவும் நானும் தரையிலிருந்து பார்த்தோம். "பாவம்டி, எவ்வளவு பட்டுட்டா இந்தப் பொண்ணு," என்றார் எஜமானி.

இன்று காலை எவுலாலியா, தான் முழுகாமல் இருப்பதாகவும் காரணம் இந்த வீட்டுப் பிள்ளைதான் என்றும் சொன்னாள்.

"எம்மகன் பேரையா இழுக்குற? துணிய எடுத்துட்டுக் கிளம்பு," என்றார் எஜமானி. வேலைக்காரர்களுக்கென்று தனியாக இருக்கும் தட்டுகளில் அவளுடையதை என்னிடம் நீட்டினார். "கழுவி வை. ஒந்தங்கச்சிய வரச் சொல்லு."

வேறு விசேஷமில்லை. காய்ந்த மிளகாய் கொஞ்சம் அனுப்பு, தனியாகச் சாப்பிட எதுவும் ருசிக்கவில்லை.

எஜமானி கூப்பிடுகிறார். தொடர் பார்த்துப் பார்த்து இங்கே வரத் துடிக்கிறாளே தங்கை நிகோலாசா, அவளிடம் வேலை காலி இல்லையென்று சொல்லிவிடு.

உன் மகள்
பெர்பெத்துவா