கழலாத லென்ஸ்

சேலையூர்,
கிழக்குத் தாம்பரம்,
ஜனவரி 19.

மகள் ஹெப்சிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருக்கிறோம், அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, எனக்குக் கோபம்தான் இன்னும் கட்டுக்குள் வரவில்லை. அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி பிளஸ்ஸியும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நலமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன், உன்மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் அதில் ஒரு நாளும் குறை வைக்கவில்லை. கிறிஸ்மஸ் அன்று நான் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனை அப்பாவிடம் கொடுத்ததற்கு, "அம்மாவுக்கு என்னப்பா, மூட் அவுட்டா?" என்று கேட்டாயாம். மூட் அவுட் இல்லை. போனில் சொன்னால் பாதியில் நீ புகுந்து பேசுவாய், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் போட்டு முடித்துவிடுவாய், அதனால்தான் தாளில் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். கடைசி வரி வரைக்கும் படி.

போன ஆகஸ்டில் உன்னிடம் நான் கேட்டது என்ன என்று ஞாபகம் இருக்கிறதா? புதிதாகப் படம் எடுக்கக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஏற்ற, கையைக் கடிக்காத விலையில் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்க வேண்டும், எது நல்லது என்று கொஞ்சம் பார்த்துச் சொல் என்றேன். நான்கு கேமராக்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதி, எது எவ்வளவு எடை, எதற்கு எந்த லென்ஸ் பொருந்தும் என்று பக்கத்தில் குறித்து, போட்டோ எடுத்து அனுப்பியும் வைத்தேன். போன் கேமரா போதாதா என்றாய். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு வெயிலில் போன் திரையைப் பார்த்தால் எனக்கு என் முகம்தான் தெரிகிறது. டிஎஸ்எல்ஆரில் கண்ணை ஒட்டவைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் இருக்கிறது, அதன் ஓரத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கிறது, அதைத் திருப்பி நம் கண்ணின் பவருக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம், கண்ணாடிகூட வேண்டாம், அதற்காகத்தான் கேட்டேன். இதையெல்லாம் சொல்லவும் சொன்னேன். நீ, "நீங்க எதுக்கும்மா மண்டையை உடைச்சிக்கிறீங்க, நான் ஜேசன்கிட்ட சொல்லிடறேன், அவன் பார்த்துக் குடுப்பான்" என்றாய். உன்னோடு காலேஜில் படித்த பையன், மேற்குத் தாம்பரத்தில் கேமரா கடை வைத்திருக்கிறான், நம்பிப் போனேன். அவனும் ஆன்ட்டி ஆன்ட்டி என்று உட்காரவைத்து, ஜூஸ் வாங்கிக் கொடுத்து, பெரிதாகக் கறுப்பாக ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து, இதுதான் பிகினர்ஸுக்குப் பெஸ்ட் என்றான். பெட்டியில் சின்ன எழுத்தில் போட்டிருந்ததை நான் படித்துப் பார்க்கவில்லை, அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். உன் பேரைச் சொல்லிக் கொடுத்ததை நான் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

நவம்பரில் கேம்ப் ரோட்டில் ஒரு மாடியில் நடக்கும் சனிக்கிழமை போட்டோ வகுப்பில் சேர்ந்தேன். பத்திரிகையில் முப்பது வருஷம் படம் எடுத்த லோகநாதன் என்பவர் நடத்துகிறார். இருபது பேர், எல்லாம் உன் வயது, உன்னிலும் சின்ன வயது. முதல் நாளே அவர், "எல்லாரும் லென்ஸைக் கழட்டி மேஜைமேல வைங்க, உள்ள இருக்கற கண்ணாடியைப் பாருங்க" என்றார். சுற்றிலும் கிளிக் கிளிக் என்று கழன்றது. நான் திருகுகிறேன், வரவில்லை. பட்டனைத் தேடுகிறேன், இல்லை. புதுசு, இறுக்கமாக இருக்கும் என்று நினைத்து மறுபடி முறுக்குகிறேன், போன வருஷம் முறிந்த மணிக்கட்டு வலிக்கிறது. பக்கத்திலிருந்த பெண், "ஆன்ட்டி உடைச்சிடாதீங்க" என்றாள். லோகநாதன் வந்து வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அந்த அறை சின்னது, "மேடம், இது டிஎஸ்எல்ஆர் இல்ல. பார்க்க அப்படி இருக்கும். இதுல லென்ஸ் கழலாது, உள்ள கண்ணாடியும் கிடையாது." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஹெப்சி, முப்பத்தொரு வருஷம் நான் பெண் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தவள். மெழுகுவர்த்தி ஏற்றி, குவிலென்ஸ் நிறுத்தி, தலைகீழ் பிம்பத்தைத் திரையில் விழவைத்துக் காட்டியவள். கையில் இருந்த லென்ஸ் கழலுமா கழலாதா என்று தெரியாமல் இருபது பேர் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

வகுப்பு முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேராக ஜேசன் கடைக்குப் போனேன். கடையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். ஏமாற்றிவிட்டாயே தம்பி என்று கேட்டேன், கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். அவன் முகம் வெளிறி, "ஐயோ ஆன்ட்டி, நான் டிஎஸ்எல்ஆர்தான் எடுத்து வெச்சிருந்தேன், ஹெப்சிதான் வேணாம்னா" என்றான். நான் நம்பவில்லை, என் பெண் அப்படிச் சொல்லமாட்டாள் என்றேன். பழி தன்மேல் விழக்கூடாது என்று அவன் போனை எடுத்து நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டுவிட்டான். அத்தனை பேர் முன்னால் உன் குரல் கேட்டது. "ஜேசன், அம்மாவுக்கு லென்ஸ் மாத்தறது அதெல்லாம் வராதுடா. பெருசா, கறுப்பா, பார்க்க டிஎஸ்எல்ஆர் மாதிரி இருக்கறதைக் குடுத்துடு. ரெண்டு நாள் தூக்கிட்டு அலைவாங்க, அப்புறம் பீரோல வெச்சிடுவாங்க. அவங்களுக்கு வித்தியாசம் தெரியவா போகுது." கடைசியில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும், சின்ன வயதில் நீ என்னோடு சேர்ந்து மற்றவர்களைப் பார்த்துச் சிரிப்பாயே, அதே சிரிப்பு. பத்தாம் வகுப்பு அரையாண்டில் ஒளியியலில் நீ என்ன மார்க் வாங்கினாய் என்பதும் எனக்குத் தெரியும், அந்தத் தாளைத் திருத்தியது நான்தான். அதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை, சொல்லிச் சிரித்ததும் இல்லை.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னால் மனிதர் பேப்பரை இன்னும் உயரமாகப் பிடித்துக்கொள்கிறார். அப்போதுதான் புரிந்தது, அவருக்கும் தெரிந்திருக்கிறது. "அவ நல்லதுக்குத்தானே சொன்னா, உனக்குக் கை வேற முடியல" என்றார். மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை, தோசை மட்டும் ஊற்றி வைத்தேன். நாலாம் நாள் அவரே சட்டை மாட்டிக்கொண்டு, வா போய் மாற்றிவிட்டு வருவோம் என்றார். கூட வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன். அந்தப் பொம்மையை ஜேசன் திருப்பி எடுத்துக்கொண்டான், அவனுக்கும் வெட்கம். இப்போது எல்லோரும் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் நல்ல டிஎஸ்எல்ஆர் பாதி விலைக்கு செகண்ட் ஹேண்டில் வருகிறது. மூன்றை வரிசையாக வைத்தான். அதிக மெகாபிக்சல் உள்ளதை என் பக்கம் தள்ளினான், சுவரில் பேனரா அடிக்கப் போகிறேன் என்று ஒதுக்கினேன். மூன்றையும் கழுத்தில் மாட்டி, ஒவ்வொன்றாகக் கண்ணில் வைத்துப் பத்து நிமிஷம் நின்றேன், மணிக்கட்டு எதற்கு வலிக்கவில்லையோ அதை எடுத்தேன். இதுவரை எத்தனை முறை ஷட்டர் விழுந்திருக்கிறது என்று கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டச் சொன்னேன். டார்ச் அடித்து லென்ஸுக்குள் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தேன், ஒன்றில் சிலந்தி வலை மாதிரி படர்ந்திருந்தது, வேறு கொண்டுவரச் சொன்னேன். வெள்ளைச் சுவரைப் படம் பிடித்துப் புள்ளி விழுகிறதா என்று பார்த்தேன். கூட வரும் சின்ன லென்ஸ் ஒன்று, தூரத்துக்கு நீளமான லென்ஸ் ஒன்று, போதும். இலவசமாகத் தந்த பை, குச்சி ஸ்டாண்டு எல்லாம் வேண்டாம் என்றேன், அதற்குப் பதில் இன்னொரு பேட்டரி வாங்கிக்கொண்டேன். கடைசியில் ஜேசன், "ஆன்ட்டி, வேற கஸ்டமருக்கும் நீங்களே வந்து பார்த்துக் குடுங்க" என்றான். நான் சிரிக்கவில்லை. அந்த வாய்ஸ் மெசேஜை என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

முதல் இரண்டு வாரம் எடுத்ததெல்லாம் குப்பை, அதையும் மறைக்கமாட்டேன். ஒன்று இருட்டு, ஒன்று வெளுப்பு, மாடம்பாக்கம் கோயில் தூணை எடுத்தால் தூண் ஆடுகிறது. எல்லாவற்றையும் அழித்தேன். போன சனிக்கிழமை காலையில் வகுப்போடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போனோம். பின்னால் பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன, முன்னால் தண்ணீர். ஒரு கூழைக்கடா தண்ணீரில் இறங்கியது, காலை முன்னால் நீட்டி, இறக்கையை விரித்து, சறுக்கிக்கொண்டு. பட்டனை அழுத்திப் பிடித்தேன். ஏழு படம், ஆறு வீண், ஏழாவதில் காலடியில் தெறித்த நீர்த்துளி ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. வகுப்புக்குத் திரும்பியதும் லோகநாதன் அதைப் பெரிய திரையில் போட்டார். இந்த வயதில் பரவாயில்லையே என்று சொல்லப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர், "மேடம், ஃபோகஸ் கண்ணுல விழல, அலகுல விழுந்திருக்கு. அடுத்த தடவை கண்ணைப் பிடிங்க" என்றார், அடுத்த ஆள் படத்துக்குப் போய்விட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டிக்கொடுக்காமல், சமாதானம் சொல்லாமல், கற்றுக்கொள்கிற ஒருத்தியிடம் பேசுகிற மாதிரி என்னிடம் பேசினார். அது உன்னிடமிருந்து எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மார்ச்சில் உனக்குப் பிரசவம், ஆறு மாதம் வந்து இருக்கச் சொன்னாய். நான் வருவேன், இரண்டு மாதம் இருப்பேன், பத்திய சாப்பாடு போடுவேன், பிள்ளையைக் குளிப்பாட்டுவேன், பிளஸ்ஸியை ஸ்கூலுக்குக் கூட்டிப்போவேன். மே மாதம் திரும்பிவிடுவேன், எனக்கு இங்கே வகுப்பு இருக்கிறது. நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாலும் வருவேன், கேட்காவிட்டாலும் வருவேன், பிள்ளைப்பேற்றை வைத்துப் பேரம் பேசுகிறவள் இல்லை நான். ஆனால் கேட்கிறவரை அந்த வாய்ஸ் மெசேஜ் என் போனில் இருக்கும். அங்கே உன் சிநேகிதிகள் முன்னால் "அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது" என்று ஒரு தடவை வாயெடுத்தாய் என்றால், அன்றைக்கே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவேன், இதை மாப்பிள்ளையிடமும் காட்டு.

இரும்புச் சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்காதே, ஒரு மணி நேரம் தள்ளிப் போடு. கால் வீக்கம் இருந்தால் உடனே டாக்டரிடம் சொல், கூகிளிடம் கேட்டுக்கொண்டிருக்காதே. கர்த்தர் உன்னையும் உன் கர்ப்பத்தின் கனியையும் பத்திரமாகக் காப்பாராக, சுகப்பிரசவம் தருவாராக, உனக்குக் கொஞ்சம் புத்தியையும் தருவாராக. பிளஸ்ஸிக்கு என் முத்தங்கள்.

உன் தாய்,
மெட்டில்டா சுந்தர்சிங், எம்.எஸ்ஸி. (இயற்பியல்), பி.எட்.