மஃரிபுக்கு வந்த புலி

786
மடுல்சீமை
9.2.1969

கண்ணான மகன் நிஸ்தாருக்கு உம்மா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் தங்கச்சி ஹம்ஸியாவும் சுகமாக இருக்கிறோம். வாப்பாவின் குரலும் நல்ல சுகம், அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன். நைரோபியில் உன் உடம்பும் மனசும் சுகமாக இருக்க ஐந்து நேரமும் கையேந்துகிறேன். உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமை ஆகிறது. உம்மா பதில் போடவில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, மழையில் பாதை சரிந்து பசறை பஸ் பாதி வழியிலேயே திரும்பிக்கொண்டிருந்தது, தபால்காரர் நடந்து வந்தால்தான் தபால். ஹம்ஸியா தையல் வகுப்புக்குப் போவதும் நின்றுபோய், வீட்டில் இருந்த தலையணை உறைக்கெல்லாம் பூப்போட்டு முடித்துவிட்டாள். ஆனால் பாதை சரிந்தது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் உன் கடிதம் இங்கே செய்து வைத்த வேலை.

உன்னை அந்த ஊருக்கு ஜீப் திருத்தத்தானே அனுப்பினோம். பதுளைக் கராஜில் வேலை பழகின கை, வேட்டைக்கு வெள்ளைக்காரர்களைக் கூட்டிப்போகிற கம்பெனியில் நல்ல பெயர் எடுத்திருக்கிறது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்தேன். இப்போது என்னடாவென்றால் கம்பெனித் துரை உன்னை ஜீப்புக்கு அடியிலிருந்து இழுத்தெடுத்து, சிறுத்தைப்புலி வேட்டைக்குத் தன் பக்கத்தில் உட்காரக் கூப்பிடுகிறார் என்கிறாய், வாப்பாவும் உம்மாவும் சம்மதம் எழுதினால் இன்னும் மூன்று வருஷம் நின்றுவிட்டுத்தான் வருவேன் என்கிறாய். அதோடு நிறுத்தினாயா? அந்த வேட்டை எப்படி என்று இரண்டு பக்கத்துக்கு விலாவாரியாக எழுதி வைத்திருக்கிறாய். மானின் தொடையை மரக்கிளையில் கட்டுவார்களாம், எட்டத்தில் புல்லால் ஒரு மறைப்பு அமைப்பார்களாம், அதற்குள் பின்நேரம் நாலு மணிக்கே போய்க் குந்தினால் பேசக் கூடாது, இருமக் கூடாது, வாசனை பூசக் கூடாது, நுளம்பு கடித்தாலும் அடிக்கக் கூடாது, பொழுது விழுகிற நேரம் பார்த்துப் புலி சத்தமில்லாமல் மரத்தில் ஏறுமாம். நான் இதை அடுப்படியில் நின்று படித்தேன், சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது. உன் வாப்பா கடையில் நின்று படித்தார், அதுதான் வினை. அவருக்கு மெதுவாகப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். மண்ணெண்ணெய் வாங்க வந்தவர், கருவாடு வாங்க வந்தவர் எல்லாரையும் நிறுத்தி வைத்துப் படித்துக் காட்டினார். முதல் தரம் படிக்கும்போது ஆப்பிரிக்காப் புலி ஆறடி இருந்தது, ஞாயிற்றுக்கிழமை சனம் கூடினபோது பத்தடி ஆகிவிட்டது.

இந்த நேரம் பார்த்துத் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து நல்லம்மாவின் ஆட்டைப் புலி பிடித்தது. நல்லம்மாவை மறந்திருக்க மாட்டாய், கொழுந்துக் கூடையோடு கடை வாசலில் நின்று உன்னைச் 'சின்ன மொதலாளி' என்று கேலி செய்வாளே, அவள்தான். இரண்டு ஆடு வைத்திருந்தாள், ஒன்று போய்விட்டது, மற்றதைத் தன் காம்பராவுக்குள்ளேயே கட்டிக்கொண்டு படுக்கிறாள். புலி பாதி தின்றது போக மீதி, ஓடைக்கரை வாகை மரத்தடியில் கிடப்பதைத் தோட்டத்துக் காவல்காரர் கந்தப்பன் போன மாதக் கடைசி வியாழக்கிழமை காலை கண்டுவிட்டுக் கடைக்கு வந்து சொன்னார். வாப்பா தராசை அப்படியே விட்டுவிட்டு எழும்பினார். 'என் மகன் ஆப்பிரிக்காவில செய்றத நம்மளுக்கு இங்க செய்ய ஏலாதா கந்தப்பன்' என்று கேட்டார். நான் உள்ளேயிருந்து உங்களுக்கு என்ன பைத்தியமா என்று கத்தினேன். அதற்கு அவர் சொன்ன பதிலைக் கேள், 'மகன் சம்மதம் கேட்டு எழுதியிருக்கான், அதுக்குள்ள குந்தினா எப்படி இருக்கும்னு தெரியாம நான் என்னத்தப் பதில் எழுதுறது, ஒரு பொழுது நானே குந்திப் பாத்துட்டுத்தான் எழுதுவேன்' என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் இவர், இரண்டு பேரும் இப்படிப் புலிக்கு ஆசைப்பட்டால் நான் எந்தப் பக்கம் ஓடுவேன்? அன்று தொழுகைப் பாயில் குந்தி அழுதேன், அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, உனக்கு மட்டும் எழுதுகிறேன். தோட்டத்துத் துரை கந்தப்பனிடம் துவக்கைக் கொடுத்தார், ஆனால் புலியைச் சுட்டால் சட்டம் பிடிக்கும், வெருட்டி அனுப்பினால் போதும் என்று சொல்லித்தான் கொடுத்தார். வாப்பா அந்தப் பேச்சில் துவக்கு என்ற சொல்லை மட்டும்தான் காதில் வாங்கினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கந்தப்பன் மானாப்புல்லை அறுத்து, நம் கடைச் சாக்குகளை உள்ளே தொங்கவிட்டு, மரத்துக்கு எட்டத்தில் மறைப்பைக் கட்டினார், ஆட்டின் மிச்சத்தைக் கிளையில் இறுக்கினார், எல்லாம் நீ எழுதினபடிதான். ஹம்ஸியா உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாப்பாவை வாசலில் மறித்துச் சோதனை போட்டாள். ஜும்ஆவுக்குப் பூசின அத்தர் கமகமவென்று மணக்கிறதே என்று கேட்டாள், அது சுன்னத்து, நபி காட்டின வழி, புலிக்காக விட ஏலாது என்றார். மடியில் வெற்றிலைப் பை ஏன் என்று கேட்டாள், மெல்லுவதற்கு இல்லை, சும்மா ஒரு துணைக்கு என்றார். பிளாஸ்கில் இஞ்சி போட்ட பிளேன்டீ ஏன் என்று கேட்டாள், 'இருமக் கூடாதுன்னு நீதானே வாசிச்ச, இருமல் வராம இருக்கத்தான்' என்றார். குந்துவதற்கு ஹம்ஸியா பூப்போட்ட தலையணை ஒன்றையும் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இவர் புலிக்குப் போகிறாரா பெண் பார்க்கப் போகிறாரா என்று எனக்கே சந்தேகம் வந்தது. தக்கியாப் பள்ளியில் பொழுது விழுந்ததும் மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொல்ல, தையல்கார லத்தீபிடம் பொறுப்புக் கொடுத்தார். அங்கே பாங்கு சொல்லி வருகிற இந்தப் பத்தொன்பது வருஷத்தில் காய்ச்சலில் கிடந்த நாள் தவிர அவர் மஃரிபு பாங்கை இன்னொருவரிடம் விட்டதில்லை, எதிர் மலை லயங்களில் அவர் பாங்கைக் கேட்டுத்தான் விளக்கு ஏற்றுகிறார்கள் என்பது உனக்குத் தெரியாததல்ல. லத்தீபிடம் மூன்று தரம் சொன்னார், லத்தீபும் மூன்று தரம் தலையாட்டினான்.

மறைப்புக்குள் நடந்ததைக் கந்தப்பன் எனக்குத் தனியாகச் சொன்னார். வாப்பா சொல்கிற கதை வேறு, அதை அவரிடமே கேட்டுக்கொள். வாப்பா பின்நேரத்து அஸர் தொழுததும் இரண்டு பேரும் போய்க் குந்தினார்களாம். முதல் அரை மணி நேரம் வாப்பா நல்ல பிள்ளையாக இருந்தாராம். பிறகு கால் விறைக்கிறது என்று இந்தப் பக்கம், முதுகு பிடிக்கிறது என்று அந்தப் பக்கம், கந்தப்பன் உதட்டில் விரலை வைத்து வைத்து விரலே தேய்ந்துவிட்டதாம். வெற்றிலைப் பையைப் பிடுங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டாராம். வெளியே இன்னொரு கூத்து. கொழுந்து நிறுத்து முடித்த சனம் வீட்டுக்குப் போகாமல் மேல் பாதையில் தேயிலைக்குப் பின்னால் வரிசையாகக் குந்திவிட்டது, ஆப்பிரிக்காவில் இத்தனை பேர் வேடிக்கை பார்க்க வருவார்களா என்பதை நீதான் எழுத வேண்டும். பொழுது இறங்கியது. குருவிகள் எல்லாம் ஒரேயடியாக வாயை மூடின. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, மரத்தடியில் நின்றது, ஒரே தாவலில் கிளைக்கு ஏறிவிட்டது புலி. கந்தப்பன் துவக்கைத் தூக்கினார். வாப்பா புலியைப் பார்க்கவில்லையாம், வானத்தைப் பார்த்தாராம். பொழுது விழுந்தாயிற்று, தக்கியாப் பக்கமிருந்து லத்தீபின் குரலைக் காணோம். எப்படி வரும்? லத்தீப் மேல் பாதையில் நல்லம்மாவுக்குப் பின்னால் குந்திக்கொண்டு புலி பார்க்கிறான். வாப்பாவின் வாய் பத்தொன்பது வருஷம் பழகின வாய், அதைப் பிடித்து வைக்க அவராலேயே ஏலவில்லை. எழும்பி நின்றார், மானாப்புல் கூரை தலையில் மாட்டிக்கொண்டது, தொழுகிற திசையான கிப்லா மேற்கே, புலி கிழக்கே, புலிக்கு முதுகைக் காட்டித் திரும்பினார், இரண்டு கையையும் காதுக்குக் கொண்டு போனார், முழங்கை இரண்டும் மறைப்பின் இரு பக்கத்தையும் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன, அல்லாஹு அக்பர் என்று மலை அதிரத் தொடங்கிவிட்டார்.

நான் அப்போது வீட்டு வாசலில் நின்றேன். தக்கியாவிலிருந்து வரவேண்டிய பாங்கு காட்டுப் பக்கமிருந்து வருகிறது. 'வாப்பா அங்கயே தொடங்கிட்டாங்க உம்மா' என்று ஹம்ஸியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் டமார் என்று வெடிச்சத்தம். பாங்கு பாதியில் நின்றுவிட்டது. நிஸ்தார், அது எவ்வளவு நேரம் நின்றது என்று எனக்குச் சொல்லத் தெரியாது, ஒரு நிமிஷம்கூட இருக்காது என்கிறாள் ஹம்ஸியா. எதிர் மலையில் ஒரு விளக்கும் ஏற்றவில்லை, அவர்களும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். என் உயிர் என்னிடம் இல்லை. யா அல்லாஹ், அவர் எவ்வளவு கத்தினாலும் இனிமேல் மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்ல மாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன். பிறகு விட்ட இடத்திலிருந்தே, ஹய்ய அலஸ்ஸலாஹ் என்று, கொஞ்சம் நடுங்கின குரலாக மறுபடியும் எழும்பியது. நான் அப்படியே வாசற்படியில் குந்திவிட்டேன். எதிர் மலையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

நடந்தது இதுதான். முதல் சத்தத்துக்கே புலி ஆட்டையும் விட்டுவிட்டுக் கிளையிலிருந்து குதித்து ஓடையைத் தாண்டிப் போய்விட்டது. தூக்கின துவக்கைக் கந்தப்பன் பாங்கு பாதியாகும்போதுதான் இறக்கப் பார்த்தார், அது வானத்தைப் பார்த்து வெடித்தது. மேல் பாதைச் சனம் தேயிலைக்குள் விழுந்தடித்து ஓடியது, லத்தீபின் ஒரு செருப்பு இன்னும் கிடைக்கவில்லை, யாரும் தேடிக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லியிருக்கிறேன். சுடாமல் வெருட்டியதற்குத் துரை கந்தப்பனைப் பாராட்டினாராம், கந்தப்பன் தலையைச் சொறிந்துகொண்டு வாங்கிக்கொண்டார். அன்று முதல் புலியின் அடிச்சுவடே இல்லை. நல்லம்மா ஒரு செம்பில் ஆட்டுப்பாலோடு வந்து, 'மொதலாளி, நீங்க தெனமும் ஒருக்கா காட்டுப் பக்கம் திரும்பிச் சத்தம் குடுங்க சாமி, என் ஆடு பொழச்சிக்கும்' என்று கும்பிட்டாள். இப்போது கடையில் யார் கேட்டாலும், எல்லாம் முன்கூட்டியே யோசித்துச் செய்ததுதான் என்கிறார் உன் வாப்பா. நேர்ந்துகொண்டேனே, அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

இனி உன் விஷயம். வாப்பா மறுநாள் காலையிலேயே ஏரோகிராம் எடுத்து, ஆம்பிளைப் பிள்ளை பயப்படாமல் போய்க் குந்து என்று சம்மதம் எழுதி, கீழே எனக்கு நாலு விரல் இடம் விட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் போடவில்லை. அந்த ஏரோகிராம் அரிசிப் பெட்டிக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது, நான் ஒளித்து வைக்கவில்லை, தபாற்கந்தோருக்குப் போக ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இந்தக் கடிதத்துக்கு எப்படி ஆள் கிடைத்தது என்று கேட்காதே. அவர் உனக்கு எழுதாத ஒன்றை நான் எழுதுகிறேன். அன்று வீட்டுக்கு வந்து தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தார், குடிக்காமல் கீழே வைத்துவிட்டு உன் கடிதத்தின் அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்து மெதுவாகப் படித்தார். பிறகு, 'எனக்குப் பின்னால ஊரே குந்தியிருந்துச்சு, அவனுக்கு அங்க யார் இருக்கா' என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். விடிந்ததும் பெருமை வந்து ஏரோகிராம் எழுதினார்.

உம்மா வேண்டாம் என்று எழுதினால் நீ கேட்பாயா? நீயும் அவர் பிள்ளைதானே, வேண்டாம் என்றால் அன்றைக்கே போய்க் குந்துவாய். ஆகவே நான் வேண்டாம் என்று எழுதவில்லை. போ மகன், குந்து. கால் விறைத்தால் பொறுத்துக்கொள், துரை சொல்கிறபடி மூச்சையும் பிடித்துக்கொள். பொழுது விழுந்து புலி மரத்தில் ஏறுகிறதே, அந்த நேரம் எழும்பி நின்று, உனக்குள்ள முழுக் குரலையும் எடுத்துப் பாங்கு சொல். புலியும் பிழைத்துப்போகும், நீயும் பிழைப்பாய், துரைக்குக் கோபம் தலைக்கேறி அன்றைக்கே உன்னைக் கப்பலில் ஏற்றிவிடுவார். எனக்கு அதுதான் வேண்டும். மூன்று வருஷம் என்னால் ஏலாது நிஸ்தார். இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்து சேர மாட்டாய், அடுத்த பெருநாளுக்கு வட்டிலப்பம் அவிக்கும்போது நீ அடுப்படியில் நின்று ருசி பார்க்க வேண்டும்.

அல்லாஹ் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பானாக, போகிற இடமெல்லாம் நல்ல மனிதரைக் காட்டுவானாக. தலைக்கு எண்ணெய் வை, ஜீப் கழுவின கையோடு சாப்பிடாதே. ஹம்ஸியா ஸலாம் சொன்னாள், புலிப் படம் போட்ட முத்திரை இருந்தால் அதை ஒட்டி எழுதச் சொன்னாள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இங்கே பழகின பழக்கத்தில் மேற்கே திரும்பி நிற்காதே, அங்கே கிப்லா வடக்கு என்று நீதான் எழுதியிருந்தாய். புலி எந்தப் பக்கம் நின்றாலும் நீ வடக்கே திரும்பு.

வாசற்படியில் காது கொடுத்துக் காத்திருக்கும்
உன் உம்மா
ஸவாஹிரா