வெள்ளிக்கிழமைக்கு முன்னால் சொல்லிவிடு

கொரடாச்சேரி
புரட்டாசி 14

அன்புள்ள ராஜராஜனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்டால்தான் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. அயர்லாந்துக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பக்கத்து அறையில் இருக்கும் உன் தங்கை பரிதி காதில் விழும், அதனால்தான் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

போன வாரம் ஆன்லைன் ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் நெட்வொர்க் போய்விட்டது என்று பரிதி உன்னிடம் சொன்னாளே, அது பொய். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது, அவள் வாய்தான் திறக்கவில்லை. அதற்குக் காரணம் நாங்கள். வெளிச்சத்தம் கேட்டால் தேர்வே செல்லாது என்று யாரோ சொல்லப்போக, உன் அப்பா ஊரையே அடக்கிவிட்டார். கோயில் மைக்செட்டை நிறுத்தச் சொன்னார், பசுவையும் கன்றையும் தோப்பில் கொண்டுபோய்க் கட்டினார், கடைசியில் நம் கொல்லை வயலில் பாதி அறுத்துக்கொண்டிருந்த கூத்தாநல்லூர் ஜாஃபர் சாதிக் பாயின் அறுவடை மெஷினையும் நிறுத்திவிட்டார். பாய் பாவம், "பாப்பா பரீட்சைதானே, நான் ஒரு டீ குடிச்சுட்டு வர்றேன்" என்று போனார். நான் குக்கர்கூட வைக்கவில்லை. உள்ளே அவளுக்கு முதல் கேள்வி வந்திருக்கிறது, உன் ஊரைப் பற்றி ஒரு நிமிடம் பேசு என்று. "டைமர் ஓடுதும்மா, நீங்க எல்லாரும் கதவுல காதை வச்சுக்கிட்டு நிக்கிற மாதிரியே இருந்துச்சு, பேச்சே வரல" என்று அப்புறம் அழுதாள். கல்லூரி மேடையில் மைக்கைப் பிடித்தால் விடாத பெண்! நான் நிஜமாகவே கதவில் காதை வைத்துக்கொண்டுதான் நின்றேன், அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

நின்ற மெஷின் திரும்ப ஓடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அறுக்காத பாதிக் குறுவை சாய்ந்து, தண்ணீரில் கிடந்து முளைத்துவிட்டது. அப்பா அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை, திட்டியிருந்தாலாவது சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள். இப்போது அவள் கொல்லைப்பக்கமே போவதில்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மறுபடி தேர்வு. அடுத்த வாரத்துக்குள் மார்க் போய்ச் சேராவிட்டால் அங்கே கல்லூரியில் கிடைத்த இடம் கைவிட்டுப் போய்விடும். நேற்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை, கண்ணாடி முன்னால் பேச ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடுகிறாள். கேட்டால், "அண்ணன் ஒரே தடவையில பாஸ் பண்ணுச்சு, நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு அது முன்னாடி நிப்பேன்" என்கிறாள்.

தேர்வுக்காரர்களிடம் விசாரித்தேன், தெருச் சத்தம் பரவாயில்லையாம், அறைக்குள் வேறு ஆள் பேச்சுத்தான் கேட்கக் கூடாதாம். இதை முன்னாலேயே கேட்டிருந்தால் நெல்லாவது மிஞ்சியிருக்கும். வெள்ளிக்கிழமை விடிந்ததும் நானும் அப்பாவும் கும்பகோணத்துக்குப் பஸ் ஏறிவிடுகிறோம். மைக்செட் பாடட்டும், மாடு கத்தட்டும். எங்களால் ஆனது அவ்வளவுதான், மீதி உன் கையில் இருக்கிறது.

கோபப்படாதே, ஒன்று சொல்கிறேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் சிநேகிதன் புகழேந்திக்குக் கல்யாணம் என்று திருச்சிக்குப் போனாயே, பரிசு கொடுக்க நான்கூட ஒரு காமாட்சி விளக்கு வாங்கித் தந்தேன். நீ விமானம் ஏறிய பிறகு பரணைச் சுத்தம் செய்தபோது அந்த விளக்கு கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. கூடவே இதே ஆங்கிலத் தேர்வின் மார்க் தாள் இரண்டு. முதல் தாளில் நீ பேச்சில் தேறவில்லை. இரண்டாவதில் தேறியிருந்தாய், அதில் இருந்தது அந்தக் கல்யாணத் தேதி. பிள்ளைக்குக் கூச்சம் என்று நான் யாரிடமும் மூச்சு விடவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை. அது தப்பு என்று இப்போது தெரிகிறது. நானே பரிதியிடம் சொல்லலாம், ஆறுதலுக்குக் கதை விடுகிறேன் என்பாள். நீ சொன்னால்தான் நம்புவாள். வியாழக்கிழமைக்குள் கூப்பிட்டு, அன்றைக்கு உனக்கு எந்தக் கேள்வியில் வாயடைத்தது என்று அவளிடம் சொல்லு.

நோய்நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி நன்றாயிரு சாமி. வியாழக்கிழமை, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் முதல் மார்க் தாளையும் பத்திரமாக வைத்திருக்கும் அம்மா,
தர்மாம்பாள்